மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏன் ஏறுகிறது? சிகாமட் வட்டார மழைக் கணக்கு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ், சாஆ, பெக்கோக் பக்கம் ஒரு மாதம் விடாமல் மழை பெய்தால் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான நாலைந்து கேள்விகள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மழை நேற்றே விட்டுவிட்டதே, இன்றைக்கு ஆறு ஏன் ஏறுகிறது? அணையைத் திறந்துவிட்டார்களா? நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றார்களே, பார்த்ததே மூன்று நாலு ஆயிற்றே? மழையால் வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா? செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மழை நல்லதுதானே, அப்புறம் ஏன் குலை குறைகிறது?

இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கேள்விகள் போலத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: தாமதம். வானத்திலிருந்து விழுந்த நீர் வாய்க்காலுக்குச் சில மணி நேரத்தில் போகிறது, ஆற்றுக்குச் சில நாளில், கூலிக்காரர் கைக்கு மாதக் கடைசியில், காய்ச்சலாக ஒன்றிரண்டு வாரத்தில், செம்பனைக் குலையில் அரை வருஷம் கழித்து. மழை ஒன்று, அதன் விளைவு வரும் நேரம் வேறு வேறு. இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

முதலில் மில்லிமீட்டர்

செய்தியில் 100 மில்லிமீட்டர் மழை என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் தோன்றாது, நாலு அங்குலம்தானே என்று இருக்கும். கணக்குப் போட்டால்தான் அதன் எடை புரியும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆக, ஒரு ஹெக்டரில் 100 மில்லிமீட்டர் விழுந்தால் 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 டன் தண்ணீர். 2,000 ஹெக்டர் எஸ்டேட் ஒன்றுக்கு இதைப் பெருக்கினால் 20 லட்சம் டன். அத்தனையும் எங்கேயாவது போயாக வேண்டும்: இலையில் தங்கும், மண்ணுக்குள் இறங்கும், ஆவியாகும், மிச்சம் ஓடும். வெள்ளம் என்பது அந்த மிச்சம்தான்.

தீபகற்ப மலேசியாவின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர். மாதத்துக்கு 200 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெகிரி செம்பிலானையும் அதை ஒட்டிய உள்நாட்டுப் பகுதியையும் எடுத்தால் நாட்டில் மழை குறைவாகப் பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. சிகாமட் அதன் விளிம்பில் இருக்கிறது. மழை குறைந்த பக்கத்து ஊர் வெள்ளத்துக்குப் பேர் போனது எப்படி என்பதற்குப் பதில் வானத்தில் பாதி, ஆற்றில் மீதி.

மழை எங்கிருந்து வருகிறது

நமக்கு இரண்டு பருவக்காற்று. மே இறுதி அல்லது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கு. நடுவில் ஏப்ரல்–மே, அக்டோபர் வாக்கில் காற்று திசை மாறும் காலத்தில் சாயங்காலத்து இடி மழை கொட்டும். அந்த இடி மழை ஊருக்குள் வாய்க்காலை நிரப்பி இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் ரகம். ஒரு வட்டாரத்தையே முழுகடிக்கும் மழை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது.

சைபீரியா பக்கம் குளிர்காலத்தில் உயர் அழுத்தம் சேர்ந்து, அங்கிருந்து குளிர்காற்று அலை அலையாகத் தெற்கே பாயும். தென்சீனக் கடலைக் கடக்கும்போது அந்தக் காற்று ஈரத்தைக் குடித்துக்கொண்டு வரும், நிலத்தைத் தொட்டதும் மேலெழும்பி மழையாகக் கொட்டும். முதலில் கிளந்தான், திரெங்கானு. டிசம்பர், ஜனவரி ஆக ஆக மழைப் பட்டை பகாங், ஜொகூர் என்று இறங்கி வரும். போர்னியோவை ஒட்டிச் சுழல் காற்று ஒன்று உருவானாலோ, லா நினா (பசிபிக் கடல் குளிர்ந்து நம் பக்கம் மழை கூடும் நிலை) ஆண்டாக இருந்தாலோ ஈரம் இன்னும் கூடும். மேற்குக்கரை ஊர்களுக்குத் தித்திவங்சா மலைத்தொடர் சுவராக நின்று பெரும்பகுதி மழையைத் தடுத்துவிடும். ஆனால் அந்தச் சுவர் நெகிரி செம்பிலானோடு தேய்ந்துபோகிறது. அதற்குத் தெற்கே, நம் பக்கம், கிழக்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்கப் பெரிய மலை இல்லை.

2023 வெள்ளத்தில் குழப்பம் கூடியதற்குக் காரணம் தேதி. பிப்ரவரி மாதம் நமக்குப் பொதுவாகக் காய்கிற மாதம், பால் மரம், அதாவது ரப்பர், இலை உதிர்க்கும் நேரம். அந்த வருஷம் பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை கொட்டிய மழையில் ஜொகூரில் மட்டும் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம் அது. நாட்காட்டிப்படி பருவக்காற்று முடியவில்லை, நம் நினைப்பில்தான் முடிந்திருந்தது.

மாதக் கூட்டுத்தொகை சொல்லாத சங்கதி

ஒரு மாதத்தில் 500 மில்லிமீட்டர் பெய்தது என்று மட்டும் சொன்னால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. முப்பது நாளும் பரவிப் பெய்திருந்தால் ஊர் ஈரமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அதில் 300 மில்லிமீட்டர் மூன்று நாளில் கொட்டியிருந்தால் கதை வேறு. வடிகால் நீர்ப்பாசனத் துறை, நாம் ஜேபிஎஸ் என்று சொல்வது, மழையை மணிக்கணக்கில்தான் தரம் பிரிக்கிறது: மணிக்கு 1 முதல் 10 மில்லிமீட்டர் லேசான மழை, 11 முதல் 30 மிதமான மழை, 31 முதல் 60 கனமழை, 60-க்கு மேல் மிகக் கனமழை. 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் வந்த வெள்ளம் நினைவிருக்கும். கோலாலம்பூரின் ஒரு மாதச் சராசரிக்கும் மேலான மழை அன்று ஒரே நாளில் இறங்கியது.

அடுத்தது வரிசை. மாதத் தொடக்கத்தில் விழும் 100 மில்லிமீட்டரும் மாதக் கடைசியில் விழும் 100 மில்லிமீட்டரும் ஒன்றல்ல. காய்ந்த மண்ணில் துளைகள் காலியாக இருக்கும், முதல் மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடும். மலேசிய மண் வகைப்பாட்டில் சிகாமட் என்ற பெயரிலேயே ஒரு செம்மண் வகை உண்டு, ஆழமான மண், நீர் நன்றாக இறங்கும், மேட்டுத் தோட்டங்களுக்கு அது ஒரு வரம். ஆனால் எந்த மண்ணுக்கும் கொள்ளளவு உண்டு. மூன்று வாரம் நனைந்து துளையெல்லாம் நிரம்பிய பிறகு வரும் மழைக்கு உள்ளே போக இடமில்லை, விழுந்ததில் பெரும்பகுதி அப்படியே ஓடும். ஆற்றங்கரைத் தாழ்நிலத்து வண்டல் மண்ணில் இந்த நிலை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

இதற்கு நம் வட்டாரத்தின் சாட்சியம் 2006–07. முதல் அலை 2006 டிசம்பர் நடுவில் தொடங்கியது. தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் இரண்டாவது அலை. சிகாமட், கோத்தா திங்கி, மூவார், பத்து பஹாட் என்று மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். சேதம் 150 கோடி ரிங்கிட் என்று மதிப்பிடப்பட்டது. இரண்டாவது அலை விழுந்தபோது மண்ணில் இடமே மிச்சமில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஜனவரியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதும் இதில் சேரும். முதிர்ந்த செம்பனைக் காட்டில் மட்டைகளும் அடியில் அடுக்கிய பழைய மட்டைகளும் நீரைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதானதும் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். அந்த இடம் ஒன்றிரண்டு வருஷம் வெறும் மண்ணாக நிற்கும், மூடுகொடி படரும்வரை மழை நேராக மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும். மறுநடவுக் காட்டுக்குக் கீழே இருக்கும் கம்பத்துக்காரர்களை, அதாவது கிராமத்து ஜனங்களைக் கேட்டால், ஆற்று நீர் தேநீர் நிறத்தில் வந்த வருஷம் எது என்று சரியாகச் சொல்வார்கள்.

மழை விட்டும் ஆறு ஏறுவது ஏன்

சிகாமட் ஆறு ஊரின் நடுவே ஓடி மூவார் ஆற்றில் சேர்கிறது. மூவார் ஆறு நெகிரி செம்பிலானில் தொடங்கி, சுற்றி வளைந்து மூவார் பட்டணத்தில் கடலைத் தொடுகிறது. ஊருக்கு மேல் வானம் வெளுத்த பிறகும் ஆறு ஏறுவதற்கு மூன்று காரணம், மூன்றும் சேர்ந்தே வேலை செய்யும்.

1. தூரம். மேல்பகுதியில் நேற்று விழுந்த மழை இன்றோ நாளையோதான் நம் பாலத்தைத் தாண்டும். ஆற்றின் உச்ச மட்டம் மழையின் உச்சத்துக்குப் பல மணி நேரம் கழித்து வரும், பெரிய ஆறாக இருந்தால் நாள்கணக்கில் பிந்தி வரும். நம் ஊரில் ஒரு சொட்டுகூட விழாமல் வெள்ளம் வரலாம் என்பது இதனால்தான்.

2. எதிர்நீர். இதுதான் சிகாமட்டின் தலைவலி. கிளையாறு நீரைக் கொண்டுபோய்த் தள்ள வேண்டுமானால் பெரிய ஆற்றின் மட்டம் தாழ்வாக இருக்க வேண்டும். மூவார் ஆறு ஏற்கெனவே கரை முட்டி ஓடும்போது சிகாமட் ஆற்று நீருக்குப் போக வழி கிடைக்காது. பெருநாள் விடுமுறையில் நெடுஞ்சாலை நெரிந்து நிற்கும்போது சந்துச் சாலையிலிருந்து வரும் கார்கள் உள்ளே நுழைய முடியாமல் ஊருக்குள்ளேயே வரிசை கட்டி நிற்குமே, அதே கதைதான். வரிசை பின்னோக்கி நீண்டு ஊருக்குள் வந்துவிடும். அப்போது தண்ணீர் பாய்ந்து வருவதில்லை, சத்தமில்லாமல் மட்டம் உயரும். வாய்க்கால் வழியாகப் பின்பக்கமாக ஏறி வரும் தண்ணீரும் இதுதான். ஆற்றங்கரையில் மட்டும் கண் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

3. சரிவின்மை. மூவார் ஆற்றுப் படுகை எவ்வளவு தட்டை என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. ஜெம்போல் பக்கம் மூவார் ஆற்றின் கிளைக்கும் பகாங் ஆற்றின் கிளைக்கும் நடுவே சிறிது தூரம் தரையில் படகை இழுத்துக்கொண்டு போய், மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்குக் கடந்திருக்கிறார்கள் அந்தக் காலத்து வணிகர்கள். படகை இழுத்துப் போகும் அளவுக்குத்தான் அங்கே மேடு. வணிகத்துக்கு வசதி, வடிவதற்குச் சாபம். கடலோரத்தில் அலை ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கீழ்ப்பகுதி இன்னும் மெதுவாக வடியும்.

2011 ஜனவரி இறுதியில், சீனப் பெருநாளுக்குச் சற்று முன், சிகாமட் மறுபடி முழுகியபோதும் ஊரைப் பிடித்தது இந்தச் சேர்க்கைதான். சாலை, தண்டவாளம், கடைத்தெரு எல்லாம் தாழ்நிலத்தில் ஆற்றை ஒட்டி வளர்ந்த ஊர் இது. அந்தக் காலத்தில் ஆறுதான் சாலை, வேறு எங்கே கட்டியிருப்பார்கள்?

அணையைத் திறந்துவிட்டார்களா?

ஒவ்வொரு முறையும் வரும் வதந்தி. 2023-இல் பெக்கோக் அணையை வைத்து நிறையப் பேசினார்கள், ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஆறுகளின் முகவரி: பெக்கோக் ஆறு சிகாமட் ஆற்றோடு சேர்வதில்லை. அது யோங் பெங் பக்கம் இறங்கி, பத்து பஹாட்டில் கடலுக்குப் போகும் வேறு படுகை. ஆக, பெக்கோக் அணையால் சிகாமட் பட்டணம் முழுகிவிட்டது என்று யாராவது குரல் பதிவு அனுப்பினால், அவர் வரைபடத்தைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சரி, யோங் பெங்? அணைகளில் இரண்டு விதம். மதகு வைத்த அணையில் மனிதர் முடிவெடுத்துத் திறப்பார். இன்னொரு விதத்தில் குறிப்பிட்ட உயரத்தில் வழிந்தோடி கட்டி வைத்திருப்பார்கள். நீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் தானாக வழியும், யாரும் திறக்கவும் வேண்டாம், மூடவும் முடியாது. 2023-இல் பெக்கோக் அணை நிரம்பி வழிந்தோடி வழியாகத்தான் நீர் இறங்கியது. அப்படி வழியாமல் தடுத்தால் அணையின் மேல் ஏறி நீர் ஓடும், மண் அணை அரித்துப் போனால் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

அணை வெள்ளத்தை இல்லாமல் ஆக்குவதில்லை, பிந்தி வரச் செய்கிறது. உச்சத்தைக் குறைத்து, நாளைக் கூட்டும். காலியாக இருக்கும்வரை கீழே இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. நிரம்பியதும் உள்ளே வருவதெல்லாம் வெளியே போகும். அந்த முறை யோங் பெங், பத்து பஹாட் பக்கம் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றதற்கு வழிந்துகொண்டே இருந்த அணை ஒரு காரணம், கீழே நிலம் தட்டையாக இருப்பது இன்னொரு காரணம். வெயில் அடிக்கிற ஊரில் முட்டியளவு தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால் யாருக்கும் சதி என்றுதான் தோன்றும், அதில் ஆச்சரியமில்லை.

நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றால்

எந்த ஒரு வருஷத்திலும் நடக்க 1 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். ஒருமுறை வந்தால் அடுத்த 99 வருஷம் நிம்மதி என்று யாரும் உறுதி தரவில்லை. 30 வருஷ வீட்டுக்கடன் காலத்தில் அப்படிப்பட்ட வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 26 சதவீதம், நாலில் ஒன்று. அதோடு, அந்த எண் கடந்த காலப் பதிவுகளை வைத்துப் போட்டது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், காடு தோட்டமாகவும் தோட்டம் தாமானாகவும் (வீடமைப்புப் பகுதி) மாறினால் ஓடும் நீரும் கூடும். பழைய கணக்கில் நூறு என்பது புதிய கணக்கில் நூறாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இரண்டு துறை, இரண்டு எச்சரிக்கை

மெட்மலேசியா, அதாவது வானிலைத் துறை, சொல்வது வானத்தைப் பற்றி. தொடர்மழை எச்சரிக்கைக்கு மூன்று படி: மஞ்சளில் வாஸ்பாடா (விழிப்பு), ஆரஞ்சில் புருக் (மோசம்), சிவப்பில் பஹாயா (ஆபத்து). இடி மழை எச்சரிக்கை தனி, அது மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் குறுகிய நேர மழைக்கு. ஜேபிஎஸ் சொல்வது ஆற்றைப் பற்றி: நார்மல், வாஸ்பாடா, அமாரான் (எச்சரிக்கை), பஹாயா என்று நாலு மட்டம். இரண்டிலும் வாஸ்பாடா வருவதால் படத்தைப் பிடித்து அனுப்பும்போது கலந்துவிடுகிறது. வானிலை எச்சரிக்கை நீங்கிய செய்தி வந்ததும் மெத்தையைக் கீழே இறக்கியவர்கள் உண்டு. நீங்கியது மழை எச்சரிக்கை, ஆறு அப்போதுதான் அமாரானைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கும். ஜேபிஎஸ் இணையப் பக்கத்தில் உங்கள் ஊர் நிலையத்தைவிட, மேலே இருக்கும் நிலையமும் கீழே இருக்கும் பெரிய ஆற்று நிலையமும் முக்கியம். மேலே உள்ளது என்ன வரப்போகிறது என்று சொல்லும், கீழே உள்ளது அது வெளியேற வழி இருக்கிறதா என்று சொல்லும்.

பால் மரக் காட்டில்

ரப்பருக்கு விளைவு அன்றைக்கே தெரியும். விடியற்காலையில் பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டு வழியே இறங்காமல் பட்டை மேல் பரவி ஒழுகிவிடும், மங்குக்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) வந்து சேர்வதிலும் மழைநீர் கலந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் இன்னும் மோசம், காலை முழுக்கச் செய்த வேலை மங்கில் வெள்ளைத் தண்ணீராக நிற்கும். பாலில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு போலத்தான் காய்ந்த ரப்பர் இருக்கும், விலை அந்தக் காய்ந்த ரப்பர் அளவுக்குத்தான். நீர் கலந்தால் வாளி நிறையும், காசு நிறையாது. மரத்தில் பிளாஸ்டிக் தடுப்புக் கட்டினால் சில நாள்களைக் காப்பாற்றலாம், ஆனால் அதற்கும் செலவு, கட்டுவதற்கு ஆளும் வேண்டும்.

இதைவிடக் கவலை வெட்டுப் பட்டையில் வரும் பூஞ்சணம். தொடர்ந்து ஈரம் இருந்தால் வெட்டிய இடத்துக்கு மேல் கருங்கோடுகள் விழும், பட்டை அழுகும். அந்தப் பட்டை திரும்ப வளர்ந்துதான் சில வருஷம் கழித்து மறுபடி வெட்ட வேண்டும். ஈர மாதத்தில் அவசரப்பட்டு வெட்டினால் வருங்காலத்துப் பட்டை போகும். நல்ல மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) மழை நாளில் வெட்டை நிறுத்துவது மரத்துக்காகவும்தான்.

வேலை இல்லாத நாளும் சம்பளமும்

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, வேலை செய்த நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் எஸ்டேட் தொழிலாளிக்கு மாதத்தில் குறைந்தது 24 நாள் வேலை தர முதலாளி கடமைப்பட்டவர். தர முடியாமல் போனால் குறைந்த நாள்களுக்கு வேலை செய்தது போலவே கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும். எஸ்டேட் என்று அந்தச் சட்டம் சொல்வது 20 ஹெக்டருக்கு மேற்பட்ட விவசாய நிலத்தை. தொழிலாளி உள்ளூர்க்காரரா வெளிநாட்டவரா என்ற வித்தியாசம் இதில் இல்லை, இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் சிக்கல் வேறு இடத்தில். வேலைக்குப் பேர் கொடுத்த நாள் இருக்கும், எடை இருக்காது. கிலோ கணக்கிலும் டன் கணக்கிலும் கூலி வாங்குபவருக்கு மழை மாதத்தில் நாள் குறைவதைவிட ஒரு நாளின் அளவு குறைவதுதான் அடி. அங்கே குறைந்தபட்சச் சம்பள ஆணை துணைக்கு வரும். 2025-இலிருந்து அது மாதம் 1,700 ரிங்கிட். சிறு தோட்டத்தில் பங்குக்குப் பால் வெட்டுபவருக்கு இரண்டும் எட்டாது, வெட்டினால்தான் பங்கு. ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கும் பால் வெட்டுபவர்களுக்கும் அரசின் மழைக்கால உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அனுமதி அட்டையும் பதிவும் நடப்பில் இருந்தால்தான் கிடைக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்குத் தரும் தொகை வேறு. 2021 இறுதி வெள்ளத்தில் அது குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றுக்கு மனு போட்டு மற்றொன்றை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்த பின் வரும் காய்ச்சல்

வெள்ளத்தன்று சளி பிடிக்கும், அது போகட்டும். பயப்பட வேண்டியது பிறகு வருவது. எலிச் சிறுநீர் கலந்த நீரில் நடந்தால் காலிலுள்ள சின்ன வெட்டுக்காயம் வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். அறிகுறி தெரிய பொதுவாக 5 முதல் 14 நாள், சிலருக்கு ஒரு மாதம்வரைகூட ஆகும். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் தின்று பெருகும் எலிகளுக்குக் குறைவே இல்லை, வெள்ளம் அவற்றை வீட்டுப் பக்கம் துரத்திவிடும். வீடு கழுவிப் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளநீரில் இறங்கியதை டாக்டரிடம் நாமாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டெங்கி பக்கமே சோதனை போகும். சேற்று மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்றும் நம் நாட்டில் உண்டு. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும், நம் வீடுகளில் நீரிழிவு எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பாருங்கள். பூட்ஸ் இல்லாமல் சேற்றை அள்ள அவர்களை இறக்காதீர்கள்.

டெங்கி கொசு வேகமான வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வடிந்து, தகரத்திலும் டயரிலும் கிழிந்த தார்ப்பாயிலும் தேங்கி நின்ற பிறகு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

செம்பனை: கடைசியில் வரும் கணக்கு

செம்பனை தண்ணீரை விரும்பும் மரம்தான், வறட்சிதான் அதற்கு எதிரி. மழையால் வரும் முதல் நஷ்டம் மரத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது. வழக்கமாக 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை ஒரே காட்டைச் சுற்றி வந்து பழுத்த குலையை வெட்டுவார்கள். மண் பாதை குழைந்து லோரி இறங்க முடியாமல் ஒரு சுற்று தவறினால், பழம் அதிகம் பழுத்து உதிரும். உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம், அது சேற்றிலும் வெள்ளத்திலும் போய்விடும். வெட்டிய குலையும் ஓரத்தில் கிடந்தால் கெடும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், 5 சதவீதத்தைத் தாண்டினால் தரம் போய்விடும். அதனால் ஆலை வாசலில் குலையைப் பார்த்துக் கழிக்கிறார்கள், சிறுதோட்டக்காரர் எடைச் சீட்டைப் பார்த்துத் திட்டுகிறார்.

இளங்கன்று குருத்து முழுகிக் கிடந்தால் செத்துவிடும். பெரிய மரம் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் வேருக்குக் காற்று போகாமல் சத்து இழுப்பது நின்றுவிடும். போட்ட உரமும், குறிப்பாக நைட்ரஜனும் பொட்டாசும், கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும். கனமழை மாதத்தில் உரம் போடுவது ஆற்றுக்கு உரம் போடுவதுதான், அட்டவணைப்படி போட்டே தீர வேண்டும் என்று நிற்கும் மேலிடத்துக்கும் அது தெரியும்.

இனி யாரும் கவனிக்காத பகுதி. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சின்ன வண்டு. கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன் மகரந்தத் தூளைக் கையால் அடிக்கும் வேலைக்குத் தனியாக ஆள் இருந்தார்கள், நம் பாட்டிமார் பலர் செய்த வேலை. அடைமழையில் இந்த வண்டு சரியாகப் பறக்காது, தூளும் நனைந்துவிடும். அந்த மாதம் பூத்த பூக்களில் பழம் சரியாகப் பிடிக்காது. ஆனால் அன்றைக்குக் குலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் பூ குலையாகி வெட்டுக்கு வர 5 முதல் 6 மாதம் ஆகும்.

அதற்கும் பின்னால் போகலாம். ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு வருஷத்துக்கு முன்பே மரத்தின் உள்ளே முடிவாகிறது, கருகி விழுவது ஏறத்தாழ பத்து மாதத்துக்கு முன். மரம் சிரமப்பட்ட காலத்தில் ஆண் பூ கூடும், குலை குறையும். வறட்சியில் இது பலமாக நடக்கும், வேர் நீரில் ஊறி வெயிலும் இல்லாமல் கிடந்த தாழ்வான காடுகளிலும் மரம் சோர்ந்துதான் போகும். மேட்டுக் காட்டில் அதே மழை ஈரத்தைச் சேமித்துக் கொடுத்து, பிற்பாடு விளைச்சலைக் கூட்டவும் செய்யலாம். ஒரே எஸ்டேட்டில் ஒரு காடு ஏறும், ஒரு காடு இறங்கும்.

மழைச் செய்தி வந்தவுடன் செம்பனை எண்ணெய் விலை ஏறுவதற்கும் இந்தத் தாமதத்துக்கும் சம்பந்தம் குறைவு. சந்தை பயப்படுவது லோரி நின்றுபோனதற்கு, அதாவது இந்த வாரத்து வரத்துக்கு. வெள்ளப் பக்கத்துச் சிறுதோட்டக்காரருக்கு விலை ஏறிய நேரத்தில் வெட்ட குலை இருக்கும், வெளியே கொண்டுவர பாதை இருக்காது. பாதை காய்ந்து, விலையும் இறங்கி, மார்ச் மழையை எல்லோரும் மறந்துவிட்ட ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் குலையில் பாதிப் பழம் காயாகவே நிற்கும். அப்போது உரத்தைக் குறை சொல்வார்கள், வெட்டுகிறவரைக் குறை சொல்வார்கள். பிப்ரவரி, மார்ச் மாத மழை நாள்களைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கும் கிராணி (எஸ்டேட் கணக்குப்பிள்ளை) ஒருவர் இருந்தால் அந்தச் சண்டை அரை மணி நேரத்தில் முடியும்.